முறிக்க முதல்

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் நான் வந்து நிற்கிறேன் என்று தெரிந்தால் முதலில் வருவது நாரிப்பிடிப்புக்காரர். அடுத்தது கழுத்துப் பிடிப்பு, தோள்மூட்டு நோவு, முழங்கால் வீக்கம். ஸ்காபறோவில் நான் கைரோபிரக்டர். ஊரில் "கனடாவில எலும்பு வைத்தியம் செய்யிற தம்பி". இலங்கையில் தொழில் செய்ய எனக்குப் பதிவு இல்லை. அதனால் அங்கே யாருடைய முள்ளந்தண்டையும் நான் திருப்புவதில்லை. எப்படி இருக்க வேண்டும், எப்படிப் பாரம் தூக்க வேண்டும், எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவதோடு சரி. "ஒருக்கா முறிச்சு விடன் மோனை" என்று முதுகைக் காட்டி நிற்கும் அப்புமாருக்கு இது பெரிய மனக்குறை.

அவர்கள் போனபிறகு, வெயில் தணிந்த நேரம் பார்த்து, யாராவது ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளை. எட்டு வயது, பத்து வயது. கால்கள் தாயின் முழங்காலுக்குக் கீழே தொங்கும். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "முள்ளந்தண்டிலதான் பிழை எண்டு சொல்லுகினம். அதை நேராக்கி விட்டால் நடப்பானோ?"

நடக்கமாட்டான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுற்றி வளைத்துச் சொன்னால் அந்தத் தாய் அடுத்த வைத்தியரிடம், அதற்கடுத்து கட்டாடியிடம், பிறகு கொழும்பில் ஒருவரிடம் என்று அலைவார். அந்த அலைச்சலில் காசு போகிறது. பிள்ளையின் கணுக்கால் இறுக முதல் எங்களுக்குக் கிடைத்திருக்கும் காலமும் போகிறது. அந்தக் காலம் திரும்பி வராது.

என் தொழிலைப் பற்றி நானே சில விஷயங்களைத் திறந்து சொல்ல வேண்டும். 1895இல் அமெரிக்காவின் டவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கி வைத்தது கைரோபிரக்டிக். ஹார்வி லிலர்ட் என்ற காது கேளாத துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஒரு முள்ளெலும்பைத் தள்ளிவிட்டதும் அவருக்குக் காது கேட்டது என்று பால்மர் சொன்னார். அந்தப் பால்மர் பிறந்தது ஒன்ராறியோவின் பிக்கரிங்கில்; இன்றைக்கு எங்கள் தீவுச் சனம் வீடு வாங்கிக் குடியேறும் அதே பிக்கரிங். அவர் பிறந்து நூறு வருடம் நிறைந்த 1945இல் அவர் நினைவாக ரொறொன்ரோவில் ஒரு கல்லூரி எழுந்தது. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, விலகிப்போன முள்ளெலும்புகளால் வருகிறது என்பது அவருடைய கோட்பாடு. அதை நான் ஏற்கவில்லை. நாரி நோ, கழுத்து நோ, கழுத்திலிருந்து ஏறும் சில தலையிடிகள் ஆகியவற்றில் எங்கள் கை உதவும். அதற்கு அப்பால் போய் வாக்குக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

மூட்டைத் திருப்பும்போது எல்லோரும் காத்திருக்கும் அந்தச் சொடக்குச் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். விலகின எலும்பு இடத்துக்கு வரும் சத்தம் அல்ல அது. மூட்டுக்குள் இருக்கும் நீர்மத்தில், மூட்டு சட்டென்று விரியும்போது ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டுகளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்து அதைப் படமாகவே பிடித்தார்கள். சத்தம் கேட்டால் சுகம் வந்துவிட்டது என்று நினைப்பது எங்கள் நோயாளிகளின் பழக்கம். அதை வளர்த்துவிட்டதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு.

இனி அந்தப் பிள்ளைக்கு வருவோம்.

திண்ணையில் பாய் விரித்து அவனை இருத்துகிறேன். "எழும்பு பாப்பம், அப்பன்" என்கிறேன். முதலில் குப்புறத் திரும்புகிறான். இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றிப் பின்புறத்தை உயர்த்துகிறான். பிறகு ஒரு கை முழங்காலுக்கு வருகிறது, மற்றது தொடைக்கு. தன் உடம்பையே பிடித்துப் பிடித்து ஏறி நிமிர்கிறான். நிமிர்ந்தவன் வயிற்றை முன்னே தள்ளி, நுனிக்காலில் நிற்கிறான். 1879இல் லண்டனில் வில்லியம் கவர்ஸ் விரிவுரைகளில் விவரித்த அடையாளம் இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கெண்டைக்கால் திரண்டு உருண்டிருக்கிறது. "அவன்ர காலைப் பாருங்கோ, என்ன பலம்" என்று ஆச்சி பெருமையாகச் சொல்கிறார். அந்தத் திரட்சியில் இருப்பது தசையல்ல. செத்த தசைநார்களின் இடத்தைக் கொழுப்பும் தழும்பும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இது டுஷென் தசைச் சிதைவு. 1860களில் பிரெஞ்சு மருத்துவர் டுஷென் விரிவாக எழுதிய நோய். தசை நாரின் சுவரைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாமல் போவதுதான் காரணம் என்று 1987இல் அமெரிக்காவில் லூயிஸ் குன்கலின் ஆய்வுக்குழு காட்டியது. அந்தப் புரதம் இல்லாத தசை, வேலை செய்யச் செய்யக் கிழிகிறது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. மருந்தில்லாவிட்டால் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடும். பிறகு மூச்சுத் தசையும் இதயமும் தளரும். முள்ளந்தண்டுக்கும் நோயின் தொடக்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிறு வயதில் இப்பிள்ளைகளின் முதுகு நேராகத்தான் இருக்கும். நடை நின்று கதிரையில் இருக்கத் தொடங்கியபிறகுதான் பெரும்பாலும் பக்கவாட்டில் வளைகிறது. வத்தையின் பாய்மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிறுகள் நிமிர்த்தி வைத்திருப்பதுபோல் முதுகைத் தசைகள் நிமிர்த்தி வைத்திருக்கின்றன. கயிறு தளர்ந்தால் மரம் சாய்கிறது. மரத்தைப் பிடித்து உலுப்பி என்ன பயன்?

பயன் இல்லாதது மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஆபத்தும் இருக்கிறது. டுஷென் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்து நடையைச் சில வருடங்கள் நீட்டித் தருகிறது. கூடவே எலும்பை மெலியப் பண்ணுகிறது. நடக்காத உடம்பின் எலும்பு இன்னும் மெலியும். சிலருக்கு முள்ளெலும்புகள் தாமாகவே நொறுங்கியிருக்கும். பிள்ளை "முதுகு நோகுது" என்று மட்டும்தான் சொல்லும். அந்த முதுகில் ஒரு வேகத் தள்ளுத் தள்ளினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுகமான உடம்பில் நாங்கள் கழுத்தைத் திருப்பும்போது சுற்றியுள்ள தசைகள் எதிர்த்துப் பிடித்து ஓர் எல்லை போடுகின்றன. தசை நோய்க்காரருக்கு அந்தக் காவல் இல்லை. தசை நோய் இல்லாதவரின் கழுத்துக்கும் இதில் ஆபத்து இல்லாமலில்லை. 1996இல் ரொறொன்ரோவில் கழுத்துத் திருப்பலுக்குப் பின் பக்கவாதம் வந்து ஒரு பெண் இறந்தார். அதற்கான மரண விசாரணை 2002 முதல் 2004 வரை நடந்தது. அந்த நாட்களில் எங்கள் தொழிலில் இருந்த எல்லோரும் பத்திரிகையை வரிவரியாக வாசித்தோம்.

ஊரில் ஒட்டகப்புலத்துப் புக்கைகட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. விழுந்து கை முறிந்தவன் அங்கே போய்ச் சுகமாகி வந்ததை நானே கண்டிருக்கிறேன். முறிவு நெரிவு பார்க்கும் கைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தசை தேயும் பிள்ளைக்குப் புக்கை கட்டி ஒரு மாதம் படுக்க வைத்தால், அந்த ஒரு மாதத்தில் இழந்த நடை பிறகு வராது. கால் முறிந்தாலும்கூட இந்தப் பிள்ளைகளை இயன்றளவு விரைவில் எழுப்பி நிறுத்தத்தான் மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

நரம்பும் தசையும் சேருமிடத்தில் வரும் நோய் வேறு மாதிரி. ஸ்காபறோவில் என்னிடம் ஒரு அக்கா வந்தார். வேறோர் இடத்தில் மாதக்கணக்காகக் கழுத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பிடிப்பு விடவில்லை என்றார். காலையில் எப்படி என்று கேட்டேன். காலையில் ஒன்றுமில்லையாம். பின்னேரமானால் தலை பாரமாகி, நாடியைக் கையால் தாங்கிக்கொண்டுதான் ரீவி பார்க்க முடிகிறதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கண்ணிமை மெல்லக் கீழிறங்கியது. மேலே பார்த்துக்கொண்டேயிருக்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் இரண்டு இமையும் விழுந்துவிட்டன. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. அதைத் தாங்கும் தசை களைத்துப்போவதைத்தான் அவர் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நான் அவர் கழுத்தில் கை வைக்கவில்லை. குடும்ப மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, விழுங்கக் கஷ்டமாயிருந்தாலோ மூச்சு முட்டினாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போகும்படி சொல்லி அனுப்பினேன். மயஸ்தீனியா கிராவிஸ் என்று இரத்தச் சோதனையில் உறுதியானது. 1934இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், குராரே நஞ்சை முறிக்கக் கொடுக்கும் மருந்தை இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்த்து வழி திறந்தார். அந்த வழியில் வந்த மாத்திரைதான் இன்றும் முதல் மருந்து. அக்கா இப்போது வேலைக்குப் போகிறார். சில வகை அன்ரிபயோட்டிக் மருந்துகள் இந்த நோயைத் திடீரென்று மோசமாக்கும் என்பதால், எந்த டொக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கைக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. அது சத்தமில்லாத வேலை. தினமும் செய்ய வேண்டிய வேலை.

கணுக்காலில் தொடங்குவோம். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, முழங்காலை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். குதிக்காலை உள்ளங்கைக்குள் முழுதாக ஏந்த வேண்டும். பாதம் முழுவதும் உங்கள் முன்னங்கையில் சாய்ந்திருக்க வேண்டும். பிறகு கையின் பலத்தால் அல்ல, உங்கள் உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, பாதத்தைப் பிள்ளையின் முகத்தை நோக்கிக் கொண்டு போங்கள். இழுவை கெண்டையில் தெரிய வேண்டும்; நோ வரக்கூடாது. முப்பது எண்ணும்வரை பிடித்து விடுங்கள். காலையும் மாலையும் சில தடவை. விரல்களைப் பிடித்து வளைப்பது கூடாது. அப்படிச் செய்தால் வளைவது பாதத்தின் நடுப்பகுதிதான், குதிநரம்பு அப்படியே இறுகிக் கிடக்கும். இரவில் கணுக்காலைச் செங்கோணத்தில் பிடித்து வைக்க ஒரு பிளாஸ்ரிக் ஸ்ப்ளின்ட் போடலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இயன்மருத்துவப் பகுதியில் அளவெடுக்கும் விவரம் கேட்கலாம்; செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையத்திலும் விசாரிக்கலாம். பின்னேரம் படிக்கும் நேரத்தில் குப்புறப் படுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இடுப்பின் முன்பக்கம் இறுகாமலிருக்க அதைவிடச் செலவில்லாத வழி இல்லை.

எங்கள் தீவில் கடவுள் கொடுத்த ஒரு சிகிச்சைக்கூடம் இருக்கிறது. கரையோரக் கடல் வெகுதூரம்வரை நெஞ்சளவுதான். நிலத்தில் நிற்க முடியாத பிள்ளை அந்தத் தண்ணீரில் நிற்பான். தண்ணீர் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு பெடியனைத் தாய்மாமனும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். இடுப்பு நனைந்ததும் "விடுங்கோ, விடுங்கோ" என்று கத்தினான். பிடியைத் தளர்த்தினோம், கைகள் அவன் அக்குளுக்கு ஒரு சாண் கீழே காத்திருந்தன. தானாக அடியெடுத்து வைத்தான். மாதக்கணக்கில் அவன் மற்றவருடைய கையில்லாமல் நகர்ந்ததில்லை. காற்றில்லாத காலைநேரம், வயிற்றளவு ஆழம், ஒருபோதும் தனியாக விடாமல், களைக்க முதல் கரையேற்றம். இவ்வளவும் கவனித்தால் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போகலாம். பளு தூக்கும் பயிற்சி, படி ஏறி இறங்கும் பயிற்சி இவர்களுக்கு வேண்டாம். படி இறங்கும்போதுதான் இந்தத் தசை அதிகம் கிழிகிறது.

வீல்செயர் வந்தபிறகு என் கவனமெல்லாம் இருக்கையில்தான். தானமாக வரும் வீல்செயர்களின் துணி இருக்கை சில மாதத்தில் தொய்ந்து குழியாகும். குழியில் இருப்பவரின் இடுப்பு ஒருபக்கம் சரியும். முதுகு அந்தப் பக்கம் வளையத் தொடங்கும். ஒரு பலகையை அளவாக வெட்டிப் போட்டு, அதன்மேல் இறுக்கமான பஞ்சு மெத்தை வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கால் தொங்காமல் மிதிபலகை உயரம் சரியாக வேண்டும். உப்புக் காற்றில் முன்சில்லின் பெயரிங் ஒரு மாரியிலேயே துருப்பிடித்துவிடுகிறது. மாதம் ஒருமுறை கழற்றி கிறீஸ் பூச வேண்டும். கடகத்தில் பனங்கிழங்கு அடுக்கும் பொறுமை உள்ள எங்கள் ஆச்சிமாருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

மூச்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் கேட்காமல் விடுவதில்லை. காலையில் தலையிடியோடு எழும்புகிறானா, இரவில் அடிக்கடி விழித்துப் புரட்டிவிடச் சொல்கிறானா, பகலில் தூங்கி விழுகிறானா? மூச்சுத் தசை தளர்ந்து, இரவில் கரியமிலவாயு உடம்புக்குள் தேங்குகிறது என்பதற்கு இவை அடையாளம். இதற்குத் தேவை முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பைபாப் கருவி. ஒட்சிசன் மட்டும் பிடித்துவிட்டால் வாயு இன்னும் தேங்கி ஆபத்தாகலாம். சளி பிடித்தால் இருமித் துப்ப வலுவில்லாமல்தான் இவர்களில் பலர் நிமோனியாவில் விழுகிறார்கள். கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் 'அம்பு' பையால் இரண்டு மூன்று தடவை காற்றை அடுக்கி நெஞ்சை நிறைத்து, பிள்ளை இருமும் அதே கணத்தில் வயிற்றை மேல்நோக்கி அழுத்திக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. இயன்மருத்துவரிடம் தாய் நேரில் பார்த்துப் பழக வேண்டும். இதயத்துக்கு வருடம் ஒரு எக்கோ. பல் பிடுங்கவோ சத்திரசிகிச்சைக்கோ போனால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மயக்க மருந்துகள் டுஷென் பிள்ளைகளின் இதயத்தையே நிறுத்திவிடும். இன்னொன்று: ஸ்டீரொயிட் குளிசையை ஒருநாளும் சடுதியாக நிறுத்தக்கூடாது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் குறிகட்டுவான் பஸ் ஓடாத நாளும் வரும். கிளினிக் மருந்து முடிய ஒரு கிழமை இருக்கும்போதே அடுத்ததை எடுத்து வையுங்கள்.

இப்போது தாயிடம் வருகிறேன். 1991 ஐப்பசியில் போரால் சனம் இடம்பெயர்ந்தபிறகு இந்தத் தீவில் பல வளவுகளில் கூரையில்லை. பிள்ளையைத் தூக்க வேண்டிய சித்தப்பா பரிசில், மாமா சுவிசில், பெரியப்பா என் கிளினிக்குக்குப் பக்கத்துத் தெருவில். இருப்பது தாயும் ஆச்சியும். படுக்கையிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கிணற்றடிக்கு, அங்கிருந்து திரும்ப என்று நாளுக்கு எத்தனையோ தடவை தூக்குகிறார்கள். ரொறொன்ரோவில் தசை நோய்ப் பிள்ளைகளின் குடும்பங்களில் நான் கைரோபிரக்டராக உண்மையில் கைவைத்து வேலை செய்வது தாய்மாரின் நாரியில்தான். என் படிப்பு பயன்படுவது அங்கே. பிள்ளை அடுத்த அறையில் இருந்து எட்டிப் பார்க்கும். அம்மாவுக்கு நோ குறைந்தால் அதன் முகத்திலும் தெரியும். இறுப்பிட்டியில் அந்தத் தாய்மாருக்கு நான் காட்டிக்கொடுப்பது தூக்காமல் நகர்த்தும் வித்தை. கட்டிலும் கதிரையும் ஒரே உயரம்; நடுவில் மினுக்கிய பலகை; பிள்ளையின் கீழே மடித்த சாரம்; இரண்டு பேர் சாரத்தின் நுனியைப் பிடித்து வழுக்கவிட்டால் நாரிக்கு வேலையில்லை.

தாயிடமிருந்து இன்னொரு பாரத்தையும் இறக்க வேண்டும். இந்த மரபணுக் குறை தாய்வழியாக வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் மாமியார் வீட்டில் சொல்லக்கூடாததெல்லாம் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம் குறையே இருப்பதில்லை. பிள்ளையில் புதிதாகவே நேர்கிறது. குறை தாயிடம் இருந்தாலும் அது அவர் செய்த குற்றமா? தெரிந்துகொண்டால் தாயின் சகோதரிகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பயன். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் அலகில் இதற்கான சோதனையும் ஆலோசனையும் உண்டு. கோயம்புத்தூரில் பி. ஆர். லட்சுமி டுஷென் குடும்பங்களுக்கென்றே ஒரு மரபணு நிலையம் நடத்துகிறார். சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருக்குமே தசைச் சிதைவு. வீல்செயரில் இருந்தபடியே மற்ற நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு இடம் உண்டாக்கினார்கள். வானவன் மாதேவி 2017இல் காலமானார். தங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று வெட்கப்பட்டு அறைக்குள் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சகோதரிகளின் பெயரை நான் சொல்வதுண்டு.

வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊரவருக்கு ஒரு வேண்டுகோள். கோயில் திருவிழாவுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு சேர்த்து ஒரு அம்பு பை, ஒரு நல்ல இருக்கை மெத்தை, இரண்டு சோடி முன்சில்லு அனுப்புங்கள். யாழ்ப்பாணத்துக்கு மாதம் ஒருமுறை பிள்ளையைக் கொண்டுபோய் வர ஓட்டோக் காசு கொடுங்கள்.

தீவிலிருக்கும் பெற்றோருக்கு: உங்கள் சின்னப் பெடியன் நிலத்திலிருந்து எழும்பும்போது தொடையில் கைவைத்து ஏறுகிறான் என்றால், அடிக்கடி விழுகிறான் என்றால், நுனிக்காலில் நடக்கிறான் என்றால், புங்குடுதீவு வைத்தியசாலையில் காட்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். தசை சிதைவதைக் காட்டும் சி.பி.கே. அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோயில் ஈரல் சோதனையின் இலக்கங்களும் தசையிலிருந்தே ஏறும். "ஈரலில் பிழை" என்று மட்டும் சொன்னால் சி.பி.கே.யும் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். அந்த முடிவு கைக்கு வரும்வரை பிள்ளையின் கழுத்தையோ முதுகையோ ஒருவரையும் திருப்ப விடாதீர்கள்.